மூலையில் நிற்பவரை எப்படி எடைபோடுவது? கபடி ரசிகர்களுக்கு ஒரு விளக்கம்

தஞ்சோங் டாவாய் – கருவாடு வாங்க வந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. மெர்போக் ஆறு கடலோடு சேரும் பக்கமாகப் பார்த்தபடி இருந்த ஓர் உணவகத்தில் ஐந்து பேர் ஒரு கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இருவர் பீடோங், ஒருவர் செமிலிங், மற்ற இருவர் சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை. கெடாவில் ஐந்து பேர் ஒரே திரையைப் பார்த்துச் சத்தம் போட்டால் அது காற்பந்தாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஓடிக்கொண்டிருந்தது புரோ கபடி லீக்கின் பழைய ஆட்டம் ஒன்று.

பேச்சு ஒரு டிபென்டரைப் பற்றி. கோடிக்கு ஏலம் போன நட்சத்திரம் அல்லர். தமிழ் தலைவாஸ் நடுத்தர விலைக்கு எடுத்த பலரில் ஒருவர். அவர் பெயர் இங்கே தேவையில்லை, ஏனென்றால் ஒவ்வோர் ஏலத்துக்குப் பிறகும் ஏதோ ஒரு பெயரை வைத்து இதே விவாதம்தான் நடக்கிறது. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டு புள்ளிகூட எடுக்கவில்லையே, இவர் எதற்கு என்றார் ஒருவர். இன்னொருவர் அவருடைய சிறந்த பிடிகளை மட்டும் தொகுத்த ஒரு காணொளியைக் காட்டி, ஆள் சிங்கம் என்றார். அதுவரை பேசாமல் தே ஓ குடித்துக்கொண்டிருந்த மாமா ஒருவர், இளவயதில் தோட்டத்து அணிக்குப் பாடியவராம், ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அவன் எந்தப் பக்கம் நிக்கிறான், பக்கத்துல யாரு?”

அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. கபடியில் தற்காப்பு ஆட்டக்காரரை எடைபோட முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பதால், அதையொட்டிச் சில விஷயங்களை இங்கே விளக்குகிறேன்.

ஏலம் எப்படி நடக்கிறது

புரோ கபடி 2014இல் 8 அணிகளோடு தொடங்கியது. 2017இல் ஐந்தாம் பருவத்துக்கு அணிகள் 12 ஆனபோதுதான் சென்னையின் சார்பாகத் தமிழ் தலைவாஸ் வந்தது. சச்சின் டெண்டுல்கர் இணை உரிமையாளர், இந்திய நட்சத்திரம் அஜய் தாக்கூர் அணித்தலைவர். பெயரும் ஆரவாரமும் பெரிதாக இருந்தன. முதல் மூன்று பருவங்களிலும் அணி பட்டியலின் அடியில்தான் கிடந்தது.

அமெரிக்கக் காற்பந்தில் டிராப்ட் என்று ஒரு முறை உண்டு. முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதலில் ஆள் எடுக்கும் வாய்ப்பு. இப்படி ஏழு சுற்றுகள் நடக்கும். நலிந்த அணி தேறிவர அது ஒரு வழி. கபடியில் அந்தச் சலுகை கிடையாது. இங்கே ஏலம்தான். விளையாட்டாளர்களை நான்கு பிரிவாகப் பிரித்து அடிப்படை விலை வைக்கிறார்கள். அண்மைய ஏலங்களில் ஏ பிரிவுக்கு 30 லட்சம் ரூபாய், பி பிரிவுக்கு 20, சி பிரிவுக்கு 13, டி பிரிவுக்கு 9. நம் கணக்கில் 20 லட்சம் ரூபாய் என்பது ஏறக்குறைய ஒரு லட்சம் வெள்ளி. ஒருவரை வேறு அணி ஏலத்தில் வென்றாலும், பழைய அணி அதே விலையைக் கொடுத்துத் திரும்ப வைத்துக்கொள்ள ஒரு வாய்ப்பும் உண்டு. இவை தவிர, பயிற்சித் தேர்வுகளில் கண்டெடுக்கும் புதுமுக இளைஞர்களை ஏலத்துக்கு வெளியே ஒப்பந்தம் செய்யலாம்.

ஓர் அணி செலவழிக்கக்கூடியது மொத்தம் 5 கோடி ரூபாய். அதற்குள் குறைந்தது 18 பேரைச் சேர்க்க வேண்டும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024 ஏலத்தில் தலைவாஸ் அணி ரைடர் சச்சின் தன்வாரை 2.15 கோடிக்கு எடுத்தது. மொத்தப் பணத்தில் 43 விழுக்காடு ஒரே ஆளுக்கு. மீதியில்தான் மற்ற அனைவரும். களத்தில் இறங்கும் ஏழு பேரில் நான்கைந்து பேராவது நடுத்தர விலைக்கோ அதற்குக் கீழோ வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அந்தப் பருவத்தில் அணி ஒன்பதாம் இடம். சச்சின் தன்வாரைக் குறை சொல்லவில்லை. ஒரு பெரிய பெயரை எடுத்துவிட்டால் மீதிப் பணம் எங்கே போகிறது என்பதுதான் ரசிகன் பார்க்க வேண்டிய இடம்.

பெரும் பணம் பெரும்பாலும் ரைடருக்கே போகிறது. விதிவிலக்குகள் உண்டு. 2018 ஏலத்தில் இந்த லீக்கின் வரலாற்றிலேயே முதன்முதலாக ஒரு கோடியைத் தொட்டவர் ஒரு டிபென்டர். ஈரானின் ஃபாசல் அத்ராச்சலி, இடது மூலைக்காரர், எடுத்தது மும்பை அணி. அதே ஆண்டு ஜகார்த்தா ஆசியப் போட்டியில் அவர் தலைமையிலான ஈரான் அரையிறுதியில் இந்தியாவை 27-18 என வீழ்த்தியது. 1990இல் பெய்ஜிங்கில் கபடி சேர்க்கப்பட்டதிலிருந்து தங்கத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காத இந்தியாவை அன்று மண்டியிட வைத்தது ரைடர்களைக் காட்டிலும் ஈரானின் பிடிதான். அந்தப் போட்டியில் நம் மலேசிய அணியும் ஈரானின் பிரிவில்தான் ஆடியது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. 2023 ஏலத்தில் இன்னோர் ஈரானியர், முகமதுரேசா ஷாட்லூயி, 2.35 கோடிக்குப் போனார். இந்த இருவரையும் வைத்து மற்ற டிபென்டர்களை மதிப்பிட முடியாது. ஒவ்வோர் அணியிலும் அப்படி ஒருவர் கிடைக்கமாட்டார்.

மூலை என்றால் என்ன வேலை

ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டைத் தாண்டி ஒருவர் பாடி வருகிறார், 30 வினாடிக்குள் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். எதிரே ஏழு பேர் வில்போல வளைந்து நிற்கிறார்கள். இரு ஓரங்களிலும் நிற்பவர்கள் கார்னர், அதாவது மூலைக்காரர்கள். அவர்களுக்கு உள்பக்கம் நிற்பவர்களில் முக்கியமானவர்கள் கவர். ஒரு மூலைக்கும் ஒரு கவருக்கும் இடையில் கைகோத்து நிற்கும் உறவுதான் சங்கிலி.

மூலைக்காரரின் முதல் ஆயுதம் கணுக்கால் பிடி. ரைடர் போனஸ் கோட்டைத் தொட ஒரு காலை நீட்டும்போதோ, தொட்டுவிட்டுத் திரும்பும்போதோ, பின்னால் தங்கும் அந்தக் காலை அவர் கவ்வ வேண்டும். கண்ணிமைக்கும் நேரம்தான். பிடித்த பிறகும் வேலை முடிவதில்லை. ரைடர் நடுக்கோட்டை நோக்கிப் பாய்வார், ஒரு விரல்நுனி கோட்டைத் தாண்டினாலும் எல்லாம் போச்சு. அந்த இடத்தில் கவர் ஓடிவந்து மறிக்க வேண்டும், அல்லது மோதி வெளியே தள்ள வேண்டும். மூலைக்காரர் பூட்டுப் போடுகிறார், கவர் சாவியைப் பிடுங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிடித்தால் ஒரு புள்ளி. களத்தில் மூன்று பேர் அல்லது அதற்கும் குறைவாக இருக்கும்போது பிடித்தால் இரண்டு. அதைச் சூப்பர் டேக்கிள் என்கிறார்கள். பிடிக்கத் தவறினால், ரைடர் மேல் கைபட்ட ஒவ்வொருவரும் வெளியே. மூலைக்காரர் தப்பாகப் பாய்ந்து, அவரை நம்பிக் கவரும் இன்னொருவரும் வந்து விழுந்தால், ஒரே நொடியில் மூன்று புள்ளி எதிரணிக்கு, மூன்று பேர் வெளியே. அதனால்தான் இந்த வேலைக்குத் துணிச்சல் மட்டும் போதாது.

ஒரு சின்ன விலகல். கபடி என்ற சொல் ‘கை பிடி’யிலிருந்து வந்தது என்று தமிழில் அடிக்கடி சொல்வார்கள். தமிழ் படித்தவள் என்ற முறையில் அந்தச் சொற்பிறப்பை நான் சத்தியம் செய்து சொல்லமாட்டேன். ஆனால் அது உண்மையானால் ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தது பாடுகிறவர் அல்ல, பிடிக்கிறவர். நம் சினிமாவுக்கு மட்டும் அது எட்டவில்லை. ‘கில்லி’யிலிருந்து ‘பைசன்’ வரை நம் நினைவில் நிற்கும் நாயகன் பாடிப் போகிறவன்தான். மூலையில் குனிந்து நிற்பவனுக்கு இன்னும் ஒரு அறிமுகப் பாட்டு கிடைக்கவில்லை.

எண்களை எப்படிப் படிப்பது

ரசிகர்கள் முதலில் தேடுவது டேக்கிள் புள்ளி. அது தவறில்லை, அதோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு. ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். ஒருவர் ஒரு பருவத்தில் 40 முறை பிடிக்கப் போய் 22 முறை பிடித்தார். இன்னொருவர் 70 முறை போய் 30 முறை பிடித்தார். பட்டியலில் 30 புள்ளிக்காரர் மேலே நிற்பார். ஆனால் முதலாமவர் 18 முறைதான் தோற்றார், இரண்டாமவர் 40 முறை. தோற்ற ஒவ்வொரு முறையும் எதிரணிக்குக் குறைந்தது ஒரு புள்ளி. கழித்துப் பார்த்தால் முதலாமவர் அணிக்கு 4 புள்ளி லாபம், இரண்டாமவர் 10 புள்ளி நட்டம். இதில் அவரோடு சேர்ந்து வெளியே போனவர்களின் கணக்கு சேரவில்லை. வெளியே போனவர் தன் அணி புள்ளி எடுக்கும்வரை பெஞ்சில் உட்கார வேண்டும். அதுவரை அந்த மூலை காலி அல்லது புதியவர் கையில்.

அதற்காகத் தோல்வியே இல்லாதவரைத் தேடவும் கூடாது. நல்ல மூலைக்காரர்களுக்கே பத்து முயற்சியில் நான்கு ஐந்து வீணாகும். ஒருவரின் தோல்விக் கணக்கு மிகக் குறைவாக இருந்தால் அவர் முயற்சியே செய்யவில்லை என்றும் பொருள் இருக்கலாம்.

எண்ணில் வராத ஒன்று உண்டு. அதை ஆட்டத்தைப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். வர்ணனையாளர்கள் அட்வான்ஸ் டேக்கிள் என்பார்கள். ரைடர் இன்னும் தன் எல்லைக்குள் வந்து சேராதபோதே, அவசரப்பட்டு முன்னால் பாய்வது. பட்டியலில் இது வெறும் ‘தோல்வி’ என்று விழும். ஒரு நல்ல முயற்சி நூலிழையில் தவறியதும் அதே ‘தோல்வி’தான். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவது மாற்றிக்கொள்ள வேண்டிய குணம், இரண்டாவது அடுத்த மாதம் புள்ளியாக மாறக்கூடியது.

இதைப் பார்க்க மிகச் சிறந்த தருணம் செய் அல்லது செத்துமடி ரைடு. ஓர் அணி தொடர்ந்து இரண்டு முறை புள்ளியில்லாமல் திரும்பினால், மூன்றாவது முறை போகிறவர் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அவர் அவுட். அந்த 30 வினாடியில் அவசரம் முழுவதும் ரைடருக்குத்தான். தற்காப்பு அணி சும்மா நின்றாலே ஒரு புள்ளி வரும். அப்படியிருந்தும் பத்து வினாடி மீதமிருக்கும்போதே பாய்கிற மூலைக்காரர் இருக்கிறார். காத்திருந்து, வேறு வழியில்லாமல் ரைடர் உள்ளே வரும்போது கணுக்காலைக் கவ்வுகிறவரும் இருக்கிறார். இருபது லட்சம் ரூபாய்க்கு இரண்டாமவர் கிடைத்தால் அது கொள்ளை லாபம்.

மற்றவர் பிடிக்கும்போது இவர் என்ன செய்கிறார் என்பதும் கணக்கில் வராது. வலது மூலையில் ஒருவர் காலைப் பிடித்துவிட்டார். இடது மூலைக்காரர் எத்தனை அடி ஓடிவந்து முதுகில் விழுகிறார்? புள்ளி பிடியைத் தொடங்கியவருக்குப் போகும். உதவிக்கு வந்தவருக்கு முதுகில் ஒரு தட்டு, அவ்வளவுதான். தலைவாஸ் ஆட்டங்களை மறுபடி பார்க்கும்போது பந்தயம் முடிந்த ரைடரை விட்டுவிட்டு, மறுமூலையைப் பாருங்கள்.

சாகர் என்ற உதாரணம்

நடுத்தரத் தேர்வு என்றதும் தலைவாஸ் ரசிகர் மறக்கக்கூடாத பெயர் சாகர். வலது மூலைக்காரர். 2019இல் அணி 12க்கு 12ஆவதாக வந்த அந்த மோசமான ஏழாம் பருவத்தில் புதுமுகமாக வந்தவர். அன்று அவரை வரவேற்க யாரும் மேளம் கொட்டவில்லை. அடுத்து பெங்களூரில் ஒரே அரங்கில் நடந்த எட்டாம் பருவத்தில் 82 டேக்கிள் புள்ளி. மொத்த லீக்கிலும் அவருக்கு மேலே இருந்தவர் ஒருவர்தான், பாட்னாவின் ஷாட்லூயி, 89 புள்ளி. பாட்னா இறுதியாட்டம் வரை போனது, தலைவாஸ் லீக் சுற்றோடு வீடு திரும்பியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஏழு புள்ளி இடைவெளி இன்னும் சிறியதாகத் தெரியும்.

ஆனால் அந்தப் பருவத்தில் அணி 11ஆவது இடம். லீக்கின் இரண்டாவது சிறந்த பிடிகாரரை வைத்துக்கொண்டு கடைசிக்கு முந்தைய இடம். இதை எப்படிப் புரிந்துகொள்வது? சாகர் ஆகாதவர் என்று சொல்ல முடியாது. தற்காப்பு மட்டும் நல்லதாக இருந்தால் தோல்வி சின்னதாகும், அல்லது சமனாகும். வெற்றிக்கு மறுபக்கம் பாடிப் போகிறவர் வேண்டும். ஒரு டிபென்டரை அணியின் இடத்தை வைத்து எடைபோடுவது அநியாயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அடுத்த ஆண்டு, ஒன்பதாம் பருவம். அணி பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு வாங்கியது. அன்றைக்கு அது லீக்கின் சாதனை விலை. முதல் ஆட்டத்திலேயே, எதிரணி ரைடர் ஒருவரைப் பிடிக்கப் போய், அவர் முழங்காலில் காயப்பட்டுப் பருவம் முழுவதும் வெளியே போனார். ரசிகர்கள் அன்றே கடையைக் கட்டிவிட்டார்கள். அந்த அணிதான் வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. நரேந்தர் என்ற புதுமுக ரைடர் 243 புள்ளி எடுத்தார். வலது மூலையில் சாகர், இடது மூலையில் சாகில் குலியா, நடுவில் தமிழகத்தின் அபிஷேக் போன்ற கவர்கள். பயிற்றுநராகப் பருவத்தின் நடுவில் வந்தவர் அஷன் குமார். வெளியேற்றச் சுற்றில் உ.பி. யோதாஸுடன் 36-36 சமன், பிறகு சமநிலை முறிப்பில் 6-4. அரையிறுதியில் புனேயிடம் 37-39 எனத் தோல்வி. இரண்டே புள்ளி.

அந்த அணியில் பெரிய விலைக்கு எடுத்தவர் களத்தில் இல்லை. இருந்தவர்கள் சேர்ந்து ஆடிப் பழகியவர்கள். சாகரும் அபிஷேக்கும் சேர்ந்து ஆடிப் பருவம் தாண்டிப் பழகியிருந்தார்கள். ஒருவர் கீழே குனியும்போது மற்றவர் எங்கே வருவார் என்பது இருவருக்கும் தெரியும். மாமா கேட்ட ‘பக்கத்துல யாரு’ என்ற கேள்வியின் பொருள் இதுதான்.

காற்பந்து ரசிகர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. சோ சின் ஆன் – சந்தோக் சிங் ஜோடியைப் பற்றி இன்றும் பேசுகிறோம். யாரும் அவர்களைத் தனித்தனியாகச் சொல்வதில்லை, ஒரே மூச்சில்தான் சொல்கிறோம். தற்காப்பு அப்படித்தான் வேலை செய்கிறது. ஏலத்திலோ ஆளைத் தனியாக விற்கிறார்கள்.

அமெரிக்கக் காற்பந்திலும் கார்னர்பேக் என்றே ஓர் இடம் இருக்கிறது. எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுபவரை ஒட்டியே ஓடி மறிப்பது அவர் வேலை. ரிச்சர்ட் ஷெர்மன் என்பவர் 2011 டிராப்டில் ஐந்தாம் சுற்றில், 154ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். கல்லூரியில் பந்து பிடிக்கும் இடத்தில் ஆடிவிட்டுப் பிறகு தற்காப்புக்கு மாறியவர், முரடு இன்னும் போகவில்லை என்பது அணிகளின் கணக்கு. மூன்றே ஆண்டில் சியாட்டல் அணி சூப்பர் பௌல் வென்றபோது நாட்டின் தலைசிறந்த கார்னர்களில் அவர் ஒருவர். அவருக்கு முன்னால் எடுக்கப்பட்ட 153 பேரில் எத்தனை பேரை இன்று நினைவிருக்கிறது? ஆனால் ஐந்தாம் சுற்றில் போன எல்லாரும் ஷெர்மன் ஆகிவிடவும் இல்லை. இந்தக் கதையைச் சொல்லி ஒவ்வொரு நடுத்தரத் தேர்வையும் கொண்டாடும் ரசிகர்களும் இருக்கிறார்கள், அதுவும் சரியல்ல.

தமிழ் பெயர், தமிழ் ஆள்

தலைவாஸ் பற்றிய எந்தப் பேச்சும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. பெயர் தமிழ், ஆள் எத்தனை பேர் தமிழர்? அன்று உணவகத்திலும் அது வந்தது, குரலும் கொஞ்சம் உயர்ந்தது. ஹரியானாவிலிருந்து வந்த சாகரையும் சாகிலையும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற அதே ரசிகர்கள்தான் இதையும் கேட்கிறார்கள். முரண் ஒன்றுமில்லை, இரண்டும் நியாயமே.

ஆனால் பிடிக்கத் தெரிந்த தமிழர் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னா அணி கோப்பை வென்றபோது அணித்தலைவர். அப்போது அவருக்கு வயது 41. அரங்கம் முழுவதும் ‘அண்ணா’ என்று கூப்பிட்ட தற்காப்பு ஆட்டக்காரர். ஜீவா குமார் மறித்து நிறுத்துவதில் பெயர் எடுத்தவர், 2015இல் கோப்பை வென்ற மும்பை அணியில் இருந்தார். இருவரும் பெயர் பெற்றது வேறு ஊர்ச் சட்டையில். 2014இல் ஜெய்ப்பூருக்கு முதல் கோப்பை வாங்கித் தந்த பயிற்றுநர் கே. பாஸ்கரனும் தமிழர். ஆகவே நடுத்தர விலைக்கு ஒரு தமிழக இளைஞரை எடுத்தால், அவரை ‘நம்ம பையன்’ என்பதற்காக மட்டும் தூக்கவும் வேண்டாம், நம்ம பையன்தானே என்று இளப்பமாகப் பார்க்கவும் வேண்டாம். மேலே சொன்ன அதே தராசுதான் அவருக்கும்.

நம் திடலுக்கு வந்தால்

இது ஏதோ இந்தியத் தொலைக்காட்சி ஆட்டத்தைப் பற்றிய பேச்சு என்று நினைக்க வேண்டாம். பொங்கல், தீபாவளி ஒன்றுகூடல் என்று நம் பகுதித் தோட்டங்களிலும் தாமான்களிலும் கபடி வைத்தால், அணி பிரிக்கும்போது நடப்பதைப் பாருங்கள். வேகமான பையன் ரைடர். உயரமானவன் ரைடர். மீதியுள்ளவர்களில் ‘நீ ஓரமா நில்லு’ என்று சொல்லப்படுகிறவன்தான் மூலைக்காரன். நானும் தமிழ்ப்பள்ளியில் அப்படி ஓரமாக நிறுத்தப்பட்டவள்தான். எதற்கு நிற்கிறோம் என்றே தெரியாமல் இரண்டு ஆண்டு நின்றேன். கணுக்காலைப் பார், கண்ணைப் பார்க்காதே என்று ஒருவர் சொல்லித் தந்திருந்தால் கொஞ்சம் வேறு மாதிரி நின்றிருப்பேன்.

இளைஞர்களைப் பயிற்றுவிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகம் போதும். ஒரு பையன் எத்தனை முறை பிடிக்கப் போனான், எத்தனை முறை பிடித்தான் என்பதை எழுதுங்கள். அதோடு, தவறியவற்றில் எத்தனை அவசரப் பாய்ச்சல், மறுமூலையில் பிடி விழுந்தபோது எத்தனை முறை ஓடிவந்தான் என்பதையும் தனியாகக் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று போட்டிகள் போனால் போதும், யாரை மூலையில் நிறுத்துவது என்று தெரிந்துவிடும். ஒரே போட்டியை வைத்து முடிவு செய்ய வேண்டாம். எல்லா மூலைக்காரருக்கும் ஒரு கெட்ட நாள் வரும், அந்த நாளில் அவரால் ஒரு காலைக்கூடப் பிடிக்க முடியாது.

தலைவாஸின் அந்த நடுத்தர விலைக்காரருக்கும் இதையே செய்து பார்க்கலாம் என்று ஐவரிடமும் சொன்னேன். செமிலிங்காரர் உடனே கைப்பேசியில் ஒரு பட்டியல் தொடங்கினார். காணொளி காட்டியவர், இவ்வளவு கணக்கு எழுதினால் ஆட்டத்தை எப்போது பார்ப்பது என்று கேட்டார். மாமா சிரித்துக்கொண்டே இன்னொரு தே ஓ சொன்னார்.

உங்கள் தோட்டத்திலோ தாமானிலோ கபடிப் போட்டி நடந்தால், கோப்பையோடு நிற்கும் படத்தோடு சேர்த்து, மூலையில் நின்றவர்களின் பெயரையும் இந்தக் கணக்கையும் எங்களுக்கு அனுப்புங்கள். சமூகப் பக்கத்தில் வெளியிடுவோம்.